ஆல்புமின் 2.8: அப்பாவுக்குக் குறைவது சாப்பாடு மட்டும்தானா?

காவிரிப் படுகையில் ஒரு சிறு நகரத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகி, பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 61 வயது. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். 20 வருடச் சர்க்கரை நோய் கடைசியில் சிறுநீரகத்தில் வந்து நின்றிருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வாரம் 2 முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார், 14 மாதமாகிறது. இடது கையில் போட்ட ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்வது) சரியாக வளராததால், கழுத்தில் வைத்த குழாய் வழியாகத்தான் இன்னமும் டயாலிசிஸ் நடக்கிறது. ஒரு நாளைக்குச் சிறுநீர் ஒரு டம்ளர் போனால் அதிகம்.

ஆறு மாதத்தில் உலர் எடை (டயாலிசிஸில் கூடுதல் நீரை எடுத்த பிறகு இருக்கும் எடை) 64 கிலோவிலிருந்து 57-க்கு இறங்கியிருக்கிறது. வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. டயாலிசிஸ் தொடங்கி அரை மணி நேரத்தில் சில நாள் குளிர் எடுத்து உதறுகிறது. நான்கு மணி நேரம் படுக்க முடியவில்லை என்று மூன்று மணி நேரத்திலேயே எடுத்துவிடச் சொல்கிறார். ரிப்போர்ட்டில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் 2.8. ஐந்து நாள் முன்பு இன்னொரு லேபில் அதுவே 3.3. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 38, ஃபெரிடின் 1,100, ஹீமோகுளோபின் 8.1. தனியார் லேபின் 'முழு சிறுநீரகப் பேக்கேஜ்' ஒன்றில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் 28 என்று வந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் ரத்தப் புற்றுநோய் என்று வருகிறதாம்; வீட்டில் யாரும் தூங்கவில்லை.

கேள்விகள்: டயாலிசிஸில்தான் புரதமெல்லாம் வெளியே போகிறதா? வாரம் ஒரு ஆல்புமின் பாட்டில் ஏற்றலாமா? ஜிம்முக்குப் போகும் தம்பியின் புரோட்டீன் பவுடரைக் கொடுக்கலாமா? எந்த லேபை நம்புவது? கடிதத்தின் கடைசி வரி: "ஆல்புமின் குறைந்தவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள் என்று படித்தேன், உண்மையா டாக்டர்?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைக்காமல் மற்றவை உங்கள் காதில் ஏறாது.

நீங்கள் படித்தது பொய்யில்லை. 1990-ல் அமெரிக்காவில் 12,000-க்கும் அதிகமான டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தப் பரிசோதனைகளை வைத்து வெளியான ஆய்வு, ஆல்புமின் குறையக் குறைய இறப்பு அபாயம் கூடுகிறது என்று காட்டியது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் அதையேதான் சொல்கின்றன. ஆனால் அது பல்லாயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. உங்கள் அப்பா ஒருவருக்கு இன்ன தேதி என்று அதில் எழுதியிருக்கவில்லை. இன்னொன்று: அந்த ஆய்வுகளில் ஆல்புமின் குறைந்திருந்தவர்களில் பலருக்கு அதற்குப் பின்னால் ஒரு நோய் ஓடிக்கொண்டிருந்தது. ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்த நோய்தான். உங்கள் அப்பாவுக்கு அது என்ன என்று கடிதத்திலேயே பாதி தெரிகிறது. அதில் சரிசெய்யக்கூடியது நிறைய இருக்கிறது என்பதுதான் என் முதல் பதில்.

ஆல்புமின் ஏன் இறங்குகிறது?

ஆல்புமின் என்பது ஈரல் தயாரிக்கும் புரதம். போதிய புரதம் சாப்பிடாவிட்டால் அது குறையும், சரி. ஆனால் டயாலிசிஸ் நோயாளியிடம் அது குறைவதற்கு அதே அளவு முக்கியமான, பல நேரம் அதைவிடப் பெரிய காரணம் உடலுக்குள் இருக்கும் அழற்சி. எங்காவது கிருமியோ புண்ணோ இருந்தால் ஈரல் தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. ஜூன் மாதத்தில் தையற்கடைக்காரர் ரவிக்கைத் துணியை எல்லாம் ஓரங்கட்டிவிட்டுப் பள்ளிச் சீருடையையே தைத்துத் தள்ளுவாரே, அந்த மாதிரி. ஆல்புமின் தயாரிப்பைக் குறைத்து, சி.ஆர்.பி. போன்ற அவசரகாலப் புரதங்களைத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் எவ்வளவு முட்டை கொடுத்தாலும் எண் பெரிதாக ஏறாது. பசியைக் கெடுப்பதும், தசையைக் கரைப்பதும் அதே அழற்சிதான்.

அதனால் ஆல்புமினைத் தனியாகப் பார்க்கவே கூடாது, பக்கத்தில் சி.ஆர்.பி.யை வைத்துப் பார்க்க வேண்டும். ஆல்புமின் குறைந்து, சி.ஆர்.பி. சாதாரணமாக இருந்தால் தட்டைப் பார்க்கலாம். இரண்டும் கெட்டிருந்தால், தட்டோடு சேர்த்து உடம்பையும் தேட வேண்டும். உங்கள் அப்பா இரண்டாவது வகை.

நீங்கள் அனுப்பிய தாள்களில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. போன மாதம் சி.ஆர்.பி. 38, இந்த மாதம் 4.1, "நல்லவேளை, குறைந்துவிட்டது" என்று ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். முதல் தாள் ஒரு லிட்டருக்கு மில்லிகிராம். இரண்டாவது ஒரு டெசிலிட்டருக்கு. 4.1-ஐ 10-ஆல் பெருக்கினால் 41. குறையவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது. இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலகைக் கவனிக்காமல் போகும் மருத்துவர்களையே பார்த்திருக்கிறேன்.

எங்கே தேடுவது?

முதல் சந்தேகம் கழுத்துக் குழாய். மிஷினில் போட்ட அரை மணி நேரத்தில் குளிர் எடுத்து உதறுகிறது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரிதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி. ரூமில் ஏசி அதிகம் என்று சொல்லிப் போர்வை போர்த்திவிட்டார்கள் என்கிறீர்கள். குழாயின் உட்சுவரில் கிருமிகள் வழவழப்பான ஒரு படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் வேகமாக ஓட ஆரம்பித்ததும் அதிலிருந்து கிருமி உள்ளே போகும், உடம்பு உதறும். வீட்டுக்கு வந்ததும் சரியாகிவிடுவதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த முறை அப்படி உதறினால் அப்போதே, அந்த நாற்காலியிலேயே, ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். போட்ட பிறகு எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம். கல்ச்சரில் கிருமி வந்தால் மருந்து மட்டும் போதாது. பெரும்பாலும் குழாயையே மாற்ற வேண்டியிருக்கும்.

டிரெஸ்ஸிங் மாற்றும்போது நீங்களே எட்டிப் பாருங்கள். குழாய் தோலை விட்டு வெளியே வரும் இடத்தில் சிவப்பு, மஞ்சள் பொருக்கு, அழுத்தினால் வலி, கசிவு ஏதாவது உண்டா? போனில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டினால் இன்னும் நல்லது.

அடுத்தது கால். 20 வருடச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். புண் இருப்பது அவருக்கே தெரியாது. கால் விரல் இடுக்கை ஒவ்வொன்றாக விரித்து, குதிகால் வெடிப்பையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு வாய்: ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால் அதுவும் சி.ஆர்.பி.யை உயர்த்தும், பல் மருத்துவரிடம் காட்டாமல் இருப்பது டயாலிசிஸ் நோயாளிகளிடம் மிகச் சாதாரணம். இவை எதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை, சாயங்காலக் காய்ச்சல் இருக்கிறது, எடை இறங்குகிறது என்றால் காசநோயைத் தேடியே ஆக வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகம் வரும். நுரையீரலை விட்டுவிட்டுக் கழுத்துக் கட்டியிலோ வயிற்றிலோ ஒளிந்திருக்கவும் செய்யும். இருமல் இல்லை என்பதால் இல்லை என்று ஆகாது.

டயாலிசிஸ் புரதத்தை எடுத்துவிடுகிறதா?

கொஞ்சம் எடுக்கிறது. ஆல்புமின் பெரிய மூலக்கூறு. வழக்கமான ஃபில்டரின் துளை வழியாக அது பெரிதாக வெளியே போகாது. புரதத்தின் சிறு துண்டுகளான அமினோ அமிலங்கள் போகும்: ஒரு தடவைக்கு ஏறத்தாழ 6 முதல் 12 கிராம். ஒன்றிரண்டு முட்டையில் இருக்கும் புரதம் அவ்வளவுதான். இதற்குப் பயந்து டயாலிசிஸைக் குறைத்தால் நடப்பது தலைகீழ். கழிவு தேங்கும், குமட்டும், சாப்பாடு இறங்காது, ஆல்புமின் இன்னும் விழும்.

வாரம் 2 முறை, அதுவும் மூன்று மணி நேரம் என்பது ஒரு டம்ளர் சிறுநீர் போகிற ஒருவருக்குப் போதவே போதாது. சிறுநீர் நன்றாகப் போகும் சிலருக்கு 2 முறை ஓரளவு தாங்கும். இவர் அந்த நிலையைத் தாண்டிவிட்டார். 'வாயில் ருசியே இல்லை' என்பதற்கு உங்கள் சமையல் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. டயாலிசிஸ் முன்னும் பின்னும் யூரியா எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு தடவையில் குறைந்தது 65 சதவீதமாவது இறங்க வேண்டும். முழு நான்கு மணி நேரம், வாரம் 3 முறை என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஏன் சீக்கிரம் எழுந்துவிடப் பார்க்கிறார் என்பதையும் விசாரியுங்கள். பெரும்பாலும் கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பிரஷர் இறங்கும். நீரை வேகமாக எடுப்பதால் வருவது அது. தண்ணீர், உப்பைக் குறைத்து, நேரத்தைக் கூட்டினால்தான் அது குறையும். தசை கரைந்தவருக்கு உலர் எடையையும் திரும்பக் கணக்கிட வேண்டும். 57 என்று எழுதிவைத்திருந்தாலும் கணுக்காலில் வீக்கம் இருக்கிறதென்றால் உண்மையான எடை அதற்கும் கீழே.

எந்த லேப் சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆல்புமினை அளக்க லேப்கள் ஒரு சாயத்தைச் சேர்த்து நிற மாற்றத்தைப் பார்க்கின்றன. சில லேப்களில் புரோமோகிரெசால் கிரீன், சில லேப்களில் புரோமோகிரெசால் பர்ப்பிள். கிரீன், ஆல்புமினோடு வேறு சில புரதங்களிலும் ஒட்டிக்கொள்வதால் கொஞ்சம் கூட்டிக் காட்டும். டயாலிசிஸ் நோயாளிகளில் வித்தியாசம் டெசிலிட்டருக்கு அரை கிராம் வரை வரும். உங்களுடைய 3.3-க்கும் 2.8-க்கும் இடைவெளி சரியாக அதுதான். போதாததற்கு ஒன்று டயாலிசிஸ் முன்னால் எடுத்தது, மற்றது முடிந்த மறுநாள். மூன்று கிலோ நீர் ஏறியிருக்கும்போது ரத்தம் நீர்த்திருக்கும், எண்ணும் குறையும்.

ஒரே லேப், எப்போதும் டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன், மாதம் ஒரு முறை. அவ்வளவு போதும். ஆல்புமின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 20 நாள் ஆகும். வாரா வாரம் பார்த்தால் பணமும் தூக்கமும்தான் போகும். சி.ஆர்.பி. அப்படியில்லை. மருந்து வேலை செய்தால் சில நாளிலேயே இறங்கும். குழாய் விஷயம் சரியாகிறதா என்று அறிய அதைப் பாருங்கள்.

ஃபெரிடின், பீட்டா-2: இரண்டு வீண் பயங்கள்

ஃபெரிடின் 1,100 என்பதால் இரும்புச் சத்து வழிகிறது என்று நினைத்து கீரையைக்கூட நிறுத்திவிட்டீர்கள். ஃபெரிடின் இரும்பைச் சேமிக்கும் புரதம்தான். ஆனால் அழற்சி இருந்தால் அதுவும் சேர்ந்து ஏறும். அதே தாளில் கீழே டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் பயன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் இரும்பின் அளவு) 15 சதவீதம் என்று இருக்கிறது, பாருங்கள். சேமிப்பில் இரும்பு இருக்கிறது, ரத்தம் உற்பத்தியாகும் இடத்துக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். அழற்சியின்போது ஈரல் விடும் ஹெப்சிடின் என்ற பொருள் அதைத் தடுத்து வைக்கிறது. ரத்தம் ஊறுவதற்காகப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசியின் அளவை இரண்டு முறை கூட்டியும் ஹீமோகுளோபின் 8.1-லேயே நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிருமித் தொற்று இருக்கும்போது நரம்பு வழி இரும்பு ஊசி வேண்டாம். அது அடங்கிய பிறகு தேவையா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். (கீரையில் கவலைப்பட வேண்டியது பொட்டாசியம். நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடித்து, அளவாகச் சேர்க்கலாம்.)

பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் விஷயத்தில் இன்றைக்கே நிம்மதியாகத் தூங்குங்கள். அந்தச் சிறு புரதத்தை உடம்பிலிருந்து அகற்றுவது சிறுநீரகம். அது வேலை செய்யாதபோது சாதாரண அளவான 3-க்குள் எப்படி இருக்கும்? டயாலிசிஸ் நோயாளிகளில் 20, 30, அதற்கு மேலும் வருவது வழக்கம். ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் அதை அளப்பது உண்மைதான், அதனால்தான் இணையத்தில் அது முதலில் வந்து நிற்கிறது. பல வருடம் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அது மணிக்கட்டிலும் மூட்டிலும் படிந்து வலி தரும் என்பதை 1985-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 14 மாதத்தில் அந்தக் கவலை வேண்டாம். அந்தப் பேக்கேஜையும் இனி எடுக்க வேண்டாம்.

பாட்டில், பவுடர், தட்டு

ஆல்புமின் பாட்டிலுக்கு ஆசைப்படுவது புரிகிறது. 100 மில்லி, 20 சதவீத பாட்டில் ஒன்றில் 20 கிராம் ஆல்புமின் இருக்கும். அதை ஏற்றிய மறுநாள் ரிப்போர்ட் அழகாக இருக்கும், சில வாரத்தில் பழையபடி இறங்கிவிடும். அழற்சியும் போகாது, தசையும் வராது. டயாலிசிஸில் பிரஷர் விழுவது போன்ற சில இடங்களில் அதற்கு உபயோகம் உண்டு. எண்ணை உயர்த்துவதற்காக வாரா வாரம் ஏற்றி, ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஆயிரக்கணக்கில் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்தப் பணத்துக்கு மீன் வாங்குங்கள்.

சாப்பாட்டில் ஒரு பழைய தாள் குறுக்கே நிற்கிறது. 2021-ல் மருத்துவர் எழுதிக் கொடுத்த 'புரதம் குறைக்கவும்' என்ற சீட்டை லேமினேட் செய்து சமையலறையில் மாட்டியிருக்கிறீர்கள். அன்றைக்கு அது சரியான ஆலோசனை. டயாலிசிஸ் தொடங்கிய அன்றே அது காலாவதியாகிவிட்டது. டயாலிசிஸுக்கு முன் சிறுநீரகத்தைக் காக்கப் புரதத்தைக் குறைக்கிறோம். தொடங்கிய பிறகு கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும். அப்பாவுக்கு நாளுக்கு 57 முதல் 68 கிராம். அவர் இப்போது சாப்பிடுவதாக நீங்கள் எழுதியிருக்கும் இட்லி, ரசம் சாதம், மோர் எல்லாம் சேர்ந்து 25-ஐத் தாண்டாது. அந்தச் சீட்டை இன்றே கழற்றிவிடுங்கள்.

காலையில் இட்லியோடு இரண்டு முட்டை வெள்ளைக்கரு. இதில் 7 கிராம் புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. மதியம் உள்ளங்கை அகல மீன் துண்டு இரண்டு, குழம்பில் உப்பைக் குறைத்து; 100 கிராமுக்கு 20 கிராம் புரதம். கருவாடு மட்டும் வேண்டாம், உப்பு. இரவு ஒரு சிறு கிண்ணம் பருப்பு, அல்லது இன்னும் இரண்டு வெள்ளைக்கரு. தயிர் ஒரு கிண்ணம். பருப்பு ஒரேயடியாகத் தடை இல்லை. பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்த்து அளவை வைத்துக்கொள்ளலாம். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து இல்லை. தம்பியின் ஜிம் பவுடரில் பொட்டாசியம், பாஸ்பரஸ், சில டப்பாக்களில் கிரியேட்டின்கூட இருக்கும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்று தனி மாவு விற்கிறது. சாப்பாடு போதவில்லையென்றால் டயட்டீஷியன் சொல்லும் அளவில் அதைச் சேர்க்கலாம்.

கேட்டு வாங்க வேண்டியவை

திட்டத்தில் இலவசமாகச் செய்துகொள்கிறோம், அதிகம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறீர்கள். கேளுங்கள். மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட கவுண்டரில் மூன்றாவது டயாலிசிஸும் புது ஃபிஸ்டுலாவும் திட்டத்தில் எப்படிக் கிடைக்கும் என்று விசாரியுங்கள். டயாலிசிஸ் குறிப்புகள், ரிப்போர்ட்டுகளின் நகல் வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன. இன்னொரு சிறுநீரக மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும் அந்த நகல்கள் உதவும்.

வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸுக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள் என்பது உண்மை. கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம் என்பதும் நல்லதுதான். ஆனால் அதில் நாளுக்கு 5 முதல் 10 கிராம் புரதம், பெரும்பாலும் ஆல்புமினாகவே, வயிற்று நீரோடு வெளியே போகும். 2.8-ல் இருப்பவரை இப்போதே அதற்கு மாற்ற நான் யோசிப்பேன். முதலில் தொற்றை அடக்கி, தெம்பு வந்த பிறகு பேசலாம்.

என் கணிப்பில் இவருக்கு முதல் தேவை புது ஃபிஸ்டுலா. இடது கை போய்விட்டதால் இப்போது எல்லாம் வலது கையை நம்பித்தான். அந்தக் கையின் நரம்பைத்தான் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் லேப் பையன் வீட்டுக்கு வந்து குத்திவிட்டுப் போகிறார். இனி அந்தக் கையில் ஊசியோ, டிரிப்போ, பிரஷர் பட்டையோ வேண்டாம். பரிசோதனைக்கு ரத்தம் வேண்டுமென்றால், டயாலிசிஸ் நாளில் மிஷினில் இணைக்கும்போது குழாயிலிருந்தே எடுத்துத் தரும்படி டெக்னீஷியனிடம் சொல்லிவையுங்கள். உதறலோடு காய்ச்சலும் வந்து, பிரஷர் இறங்கி, பேச்சு குழறினால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அன்றே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.